கழுவாத படங்கள்

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில், மூடிப்போன டுடோரியல் கல்லூரியின் மாடியில் உட்கார்ந்து ஆவுடையப்பன் வருடக்கணக்காகப் புத்தகம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றி அல்ல. செல்லரித்த பழம்புத்தகத்தைப் பிரித்து வைத்து, பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடிக்க வேண்டியது. அந்தப் படங்களை, காசில்லாமல் கிடைக்கிற படத்திருத்தி மென்பொருளில் திறக்க வேண்டியது. கோணலை நிமிர்த்தி, மஞ்சளை வெளுத்து, பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் முட்டிக்கொண்டு தெரிவதை மங்கவைத்து, பக்கத்தை அமுக்கிப் பிடித்த கட்டைவிரல்மேல் வெற்றுத்தாளில் ஒரு துண்டை எடுத்து ஒட்டிவிட்டால், அச்சகத்திலிருந்து இன்று காலைதான் வந்தது போல் புத்தகம் பளிச்சென்று இருக்கும். பிறகு அதை இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுவார்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இந்தக் கலையில் அவருக்கு மிஞ்சி ஆள் கிடையாது. ஒருமுறை திரையில் இருந்த பக்கத்தின் மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்ததாம். கறைதானே என்று அதையும் மென்பொருளில் அழித்திருக்கிறார். ஈயைக் காணோம். இப்படி ஊரில் சொல்லிக்கொள்வார்கள். ஊருக்குச் சொன்னவர் ஆவுடையப்பன்தான்.

தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கதையைப் பிடித்துக்கொண்டால், ஒரு சொல் கூடாமல் குறையாமல், அதே இடத்தில் நிறுத்தி, அதே இடத்தில் இருமி, நூறு முறை சொல்லக்கூடியவர். பக்கம் புரட்டிக் கொடுப்பவர் மேலப்பாளையத்து பீர் முகமது. முன்பு ஸ்டூடியோ வைத்திருந்தவர். நூறு முறையும் முதல் முறை போலக் கேட்கக்கூடியவர். இருவரும் கூட்டாளிகளானதில் அதிசயம் ஒன்றுமில்லை.

மேற்பார்வை உலகம்மை டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுவிய பக்கங்களைப் பார்த்து, எழுபத்தாறாம் பக்கம் இடப்புறம் சாய்கிறது என்று திருப்பி அனுப்புவார். ஆவுடையப்பன் கண்ணுக்கு அந்தச் சாய்வு தெரியாது. அளந்து பார்த்தால் இருக்கும். குழுவின் ஒரே சட்டமும் டீச்சர் போட்டதுதான். கழுவிய படத்தோடு கழுவாத அசல் படத்தையும் சேர்த்தே ஏற்ற வேண்டும். அசல்மேல் ஒருவரும் கை வைக்கக் கூடாது. இன்றைக்கு அழுக்கு என்று நாம் துடைப்பது நாளைக்கு யாருக்குச் சேதியோ என்பார்.

ஆவுடையப்பனின் மகள் வடிவை, டீச்சரின் மகன் சிதம்பரநாதனுக்குப் பேசி முடித்திருந்தது. ஆவணியில் நிச்சயதார்த்தம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, அந்தப் படத்திருத்தி மென்பொருளுக்கே பொழுதுபோக்காக உதிரிக் கருவிகள் எழுதித் தருகிறவன். அப்படி ஒரு கருவி எழுதப் போய்த்தான் உலகம் தலைகீழாயிற்று.

ஒரு காலை வேளையில் அவன் போன் செய்தான்.

"மாமா, நாற்காலியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. உங்க பக்கமெல்லாம் பேசுது."

வாசிக்க ஆளிருந்தால் பக்கம் பேசத்தானே செய்யும் என்றார் ஆவுடையப்பன்.

"அப்படியில்ல மாமா. நிசமாவே பேசுது. பக்கத்துக்கு முன்னால ஒருத்தர் வாயைத் திறந்தா அந்தத் தாள் அதிரும். கண்ணுக்குத் தெரியாது. போன் கேமரா படத்தை ஒரே மூச்சுல எடுக்காது. மேலேருந்து கீழ வரைக்கும் வரி வரியா எடுக்கும். ஒவ்வொரு வரி எடுக்கையிலும் தாள் ஒரு மயிரிழை தள்ளி நிக்குமில்ல, அது அப்படியே படத்துல விழுந்திருக்கு. நாம அதைத்தான் பொரிப்பொரியா இருக்குன்னு இத்தனை நாளும் துடைச்சுத் தள்ளியிருக்கோம்."

கேபிளும் கம்பியுமாக வாழ்ந்த மனிதர் ஆவுடையப்பன். ஒலி என்றால் என்னவென்று தெரியும். ஒரு படம் எடுக்கிற நேரத்தில் 'அ' என்று சொல்லக்கூட நேரமிருக்காதே என்று மடக்கினார்.

"அங்கதான் இருக்கு வேடிக்கை. நீங்க ஒரு தடவை அமுக்கினா, இந்தக் காலத்துப் போன் கமுக்கமாப் பத்துப் பதினஞ்சு எடுத்து உள்ளயே வச்சுக்கிடும். மேல ஒண்ணைத்தான் காட்டும். பக்கத்துக்கு ஒரு சொல், ரெண்டு சொல் தேறும் மாமா. கேக்கீங்களா?"

கேட்டார். முதலில் தகரத்தில் மழை விழுவது போல ஓர் இரைச்சல். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலப் பீர் முகமதுவின் குரல்: "டீ... ஆறிப்போச்சு... வே."

ஆவுடையப்பன் நாற்காலியிலிருந்து விழவில்லை; எழுந்து நின்றுவிட்டார். கூட இருந்து கேட்ட பீர் முகமது மட்டும் அந்த டீ எந்தக் கடை டீ என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து டுடோரியல் மாடியில் வேலை நடக்கவில்லை, திருவிழாதான் நடந்தது. சிதம்பரநாதன் அனுப்பிய கருவியைப் போட்டுப் பழைய படங்களையெல்லாம் கேட்டார்கள். ஒரு மருத்துவப் புத்தகத்தில் பஸ் ஹாரன் கேட்டது. ஒரு புராணத்தில் கரண்டு போய், மின்விசிறி நிற்கிற சத்தம் கேட்டது. நில அளவை நூலின் நூறாம் பக்கத்தில் கீழ்வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிழவர்களும் கைதட்டினார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கேட்டார்கள், ஏதோ கண்ணால் கேட்பது போல.

கருவி இலவசம் என்பதால் ஒரு வாரத்துக்குள் ஊர் உலகமெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. தாள்தான் என்றில்லை, வாழையிலை, சேலை முந்தானை, அப்பளம் என்று அதிரக்கூடிய எதுவும் படத்தில் இருந்தால் போதும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். ஒரு மந்திரி நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு பிடித்த படத்திலிருந்து, அடுத்த மந்திரியைப் பற்றி அவர் சொன்னது வெளியே வந்தது. சுற்றுலாப் படத்திலிருந்த அப்பளத்தைக் கேட்டுவிட்டு ஒரு மருமகள் அம்மா வீட்டுக்குப் போனாள். ஜவுளிக்கடைகளில் படம் எடுக்கக் கூடாது என்று பலகை வைத்தார்கள். கேமராவைத் தூக்கினால் போதும், கூட்டமே சொல்லி வைத்தாற்போல வாயை மூடியது. சிரித்தால்கூட உதட்டைச் சேர்த்துத்தான் சிரித்தார்கள். அந்த வருடத்துக் கல்யாண ஆல்பங்களைப் பார்த்தால், அத்தனை பேருக்கும் ஒரே நாளில் பல்வலி வந்தது போல இருக்கும்.

ஆவுடையப்பன் இதையெல்லாம் பத்திரிகையில் படித்து ரசித்துக்கொண்டிருந்த போதுதான் மாப்பிள்ளையின் அடுத்த போன் வந்தது.

"மாமா, எல்லாருடைய பேச்சும் துண்டு துண்டாத்தான் வருது. நடுவுல பொத்தல் நிறைய. ஆனா ஒரே ஒரு ஆள் குரல் மட்டும் முழுசா வரும்போல. ஏன்னா அவர் ஒரே கதையை, அதே வார்த்தையில, புத்தகம் புத்தகமாச் சொல்லியிருக்கார். இதுல விட்டது அதுல இருக்கும். எல்லாத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கினா பொத்தல் தானா அடைஞ்சிரும்."

யாரப்பா அது என்று ஆவுடையப்பன் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே தெரிந்துவிட்டது.

"நீங்கதான் மாமா. ஒத்துப்போகுதுன்னு கருவிதான் காட்டுச்சு, அது என்ன கதைன்னு நான் இன்னும் கேக்கல. வர்ற சனிக்கிழமை களஞ்சியத்துல இருக்கிற அசல் படம் மொத்தத்தையும் இறக்கி ஓட விடப்போறேன். மறுநாள் நிச்சயதார்த்தத்துல மைக்கில் போடுவோம். வடிவுகிட்டக்கூடச் சொல்லல. என்னோட பரிசு."

பரிசெல்லாம் எதற்கு மாப்பிள்ளை என்று ஆவுடையப்பன் சொல்லிப் பார்த்தார். உங்களுக்கு அடக்கம் ஜாஸ்தி மாமா என்று அவன் போனை வைத்துவிட்டான். அவரை அடக்கமானவர் என்று சொன்ன முதல் ஆள் அவன்.

அவர் புத்தகம் புத்தகமாகச் சொன்ன கதை இதுதான்:

"டீச்சர் வீட்டுக்காரர் மஸ்கட்டுக்குப் போனது சம்பாதிக்கன்னா நெனைச்சீரு? கோணலா உக்காரதுக்குவே. வீட்டு நாற்காலியில கைப்பிடிக்குக் கைப்பிடி கொத்தனார் வைக்க ரசமட்டம் பதிச்சிருக்கு. மனுசன் லேசாச் சாஞ்சாப் போதும், குமிழி ஓடிரும், டீச்சர் அடுக்களையில இருந்து கூப்பிட்டுருவாவ. ஏரோப்பிளேன் ஏறி, அது வளைஞ்சு திரும்புச்சு பாரும். அப்பத்தான் கல்யாணமான நாள்லேருந்து மொதத்தடவையா ஒரு பக்கமாச் சாஞ்சாராம். ஏங்கி ஏங்கி அழுதாராம். பக்கத்து சீட்டுக்காரன் பயந்துட்டானாம்."

எழுபத்தாறாம் பக்கம் திரும்பி வரும்போதெல்லாம் அந்தக் கதை வரும். டீச்சர் அறையில் இருக்கும்போது வராது. ஆவுடையப்பனுக்கு அறிமுகமே இல்லாத அந்த வீட்டுக்காரர் தெய்வநாயகம், மஸ்கட்டில் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் படத்துக்கு மாலை போட்டிருக்கும் மேடையில், அவர் மகன், அவர் மனைவி முன்னால், இந்தக் கதையை மைக்கில் போடப்போகிறான். அதற்குப் பிறகு வடிவு அந்த வீட்டில் எப்படி விளக்கேற்றுவாள்?

பீர் முகமது விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்ளும் யோசனையைச் சொன்னார். நான் படுத்தால் மைக் படுக்குமா என்று ஆவுடையப்பன் சீறினார். கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. களஞ்சியத்திலுள்ள அசல் படங்களை இறக்கி, பொரியெல்லாம் போகிற மாதிரி மழுங்கக் கழுவி, அதே பெயரில் மறுபடி ஏற்றிவிட வேண்டும். குழுவின் ஒரே சட்டத்தை உடைக்க வேண்டும். இத்தனை காலம் படத்தைக் கூர்மையாக்கிய கை இப்போது மழுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் மாடிக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதல் புத்தகத்தின் அசலைத் திறந்து, எழுத்து ஆளுயரம் ஆகிற வரைக்கும் ஆவுடையப்பன் பெரிதாக்கினார். பொரி இருக்க வேண்டிய இடத்தில் வெண்ணெய் தடவியது போல வழவழவென்று இருந்தது.

"கழுவியிருக்கு," என்றார்.

அடுத்த புத்தகம். கழுவியிருந்தது. அதற்கடுத்தது. கழுவியிருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில், யார் மாற்றியது என்று களஞ்சியமே குறித்து வைத்திருந்தது. எல்லாவற்றிலும் மேற்பார்வையாளர். உலகம்மை டீச்சர்.

ஆவுடையப்பனுக்கு முகம் மலர்ந்தது. கவலையெல்லாம் ஒரே நொடியில் பறந்து, அந்த இடத்தில் குதூகலம் வந்து உட்கார்ந்தது. பார்த்தீரா, டீச்சரும் நம்மைப் பற்றி என்னவெல்லாமோ பேசியிருக்கிறார், அதைத்தான் அவசரமாகக் கழுவியிருக்கிறார் என்றார். சட்டம் போட்டவரே சட்டத்தை மீறியிருக்கிறார் என்றார். என்ன பேசியிருப்பார், மூக்கைப் பற்றியா, கதையைப் பற்றியா என்று தெரிந்துகொள்ளத் துடித்தார். ஒரு சொல்லாவது மிச்சமிருக்கிறதா என்று கருவியைப் போட்டுக்கூடப் பார்த்தார்.

பீர் முகமது திரையிலிருந்த புத்தகப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆவுடை, இந்தப் புஸ்தகமெல்லாம் எப்பம் எடுத்தது?"

"ஏன்?"

"டீச்சர் வீட்டுக்காரர் மௌத்தான பொறவு எடுத்தது. டீச்சர் ஒரு வருசம் வெளிய தல காட்டல. இந்த ரூம்ல அப்பம் நானும் நீரும்தான். நான் பேசமாட்டேன், உமக்கே தெரியும். அப்பம் இதுல யாரு கொரலுவே இருந்திருக்கும்?"

ஆவுடையப்பன் கருவியை நிறுத்தினார்.

"அந்த மனுசன் போன பொறவும் நீரு அந்தக் கதைய விடல," என்றார் பீர் முகமது. "நானும் சிரிச்சேன். அல்லா என்னையும் கேப்பான்."

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத்தான் கழுவியிருக்கிறார். ஒவ்வொரு புத்தகமாக உட்கார்ந்து, தன்னைப் பற்றியும் தன் புருஷனைப் பற்றியும் ஒருவர் சொன்ன நக்கலை முழுக்கக் கேட்டு, மகன் காதில் விழக்கூடாது என்று ஒவ்வொரு பக்கமாகத் துடைத்திருக்கிறார்.  ஆவுடையப்பனின் கை நிற்காமல் அடுத்தடுத்த புத்தகங்களைத் திறந்துகொண்டே போயிற்று.

ஒன்று மட்டும் கழுவாமல் இருந்தது.

கோழி வளர்ப்பைப் பற்றிய ஒரு பழைய கையேடு. பொரிப்பொரியாக, எடுத்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல். பீர் முகமதுவின் விரல் இல்லை. இதற்கு நகம் நடுவில் பிளந்திருந்தது. பீர் அன்றைக்கு வரவில்லை என்பதும், டீச்சரைத் தேடி வந்த யாரோ வெளியூர் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பக்கம் பிடித்துக் கொடுத்தார் என்பதும் ஆவுடையப்பனுக்கு மங்கலாக ஞாபகம் வந்தது. பெயர் கேட்டாரா, இல்லையா? கேட்டிருக்க மாட்டார். கதை சொல்லியிருப்பார்.

ஒன்று தப்பிவிட்டது போலிருக்கிறது, நாமே கழுவிவிடுவோம் என்று கழுவி ஏற்றப் பார்த்தார். ஏறவில்லை. பூட்டியிருந்தது. பூட்டியவர் மேற்பார்வையாளர்.

"சாட்சிக்கு ஒண்ணை வச்சிருக்காவ," என்றார் பீர் முகமது மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு ஆவுடையப்பன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, தூக்குத்தண்டனைக் கைதி போல வந்து சேர்ந்தார். வந்தவர்களெல்லாம் போட்டோக்காரரைக் கண்டதும் வாயை மூடி, அவர் நகர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசினார்கள். மேடையில் தெய்வநாயகத்தின் இளவயதுப் படம் மாலையோடு இருந்தது. ரசமட்டம் வைத்து மாட்டியது போல நேராக இருந்தது. அதை நினைத்ததற்காக ஆவுடையப்பன் தன்னையே திட்டிக்கொண்டார்.

சிதம்பரநாதன் வாடிய முகத்தோடு வந்தான். பரிசு வாய்க்கவில்லை மாமா என்றான். எல்லாப் படமும் கெட்டுப்போயிருக்கிறது, வெறும் கரகரப்புதான். ஒரே ஒரு புத்தகத்தில் மட்டும் சத்தம் இருக்கிற மாதிரி இருந்தது. அதைத் தொடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள்.

"அம்மா எங்கப்பா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

உலகம்மை, பந்திக் கூடத்தில் இலைகளை நேராகப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பனைப் பார்த்ததும், பரிமாறுகிற ஆட்களை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, வாங்க அண்ணாச்சி என்றார். பட்டு வேட்டியும் தானுமாக ஆவுடையப்பன் நின்றார். மன்னிப்புக் கேட்பதற்காக வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை.

"நெறையப் பேசியிருக்கீய," என்றார் டீச்சர்.

"ஆமா."

"எல்லாத்தையும் கேட்டேன். மொதல்ல ஆத்திரம் வந்தது. சம்பந்தமே வேண்டாம்னு சொல்லிரலாமான்னு இருந்தது. வடிவு மொகம் நெனப்பு வந்தது, விட்டுட்டேன். அசலைத் தொடக்கூடாதுன்னு சட்டம் போட்டவ நானு. நானே கழுவினேன். அது என்னோட போகட்டும்."

ஆவுடையப்பன் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கோழிப் புஸ்தகத்தை ஏன் விட்டேன்னு கேக்க மாட்டியளா?"

"கேக்கப் பயமா இருக்கு டீச்சர்."

"அன்னைக்கு ஒங்களுக்குப் பக்கம் பிடிச்சுக் குடுத்தது யாருன்னு தெரியுமா?"

"யாரோ வெளியூராளு. உங்களைக் கூட்டிட்டுப் போக வந்ததாச் சொன்னாரு."

"அவுகதான்," என்றார் டீச்சர்.

கூடத்தில் யாரோ சாம்பார் வாளியை நங்கென்று வைத்தார்கள்.

"லீவுல வந்திருந்தாவ. நான் வர நேரமாயிட்டு. நீங்க அவுககிட்டயே அவுகளைப் பத்திச் சொல்லியிருக்கீய. அவுக நான்தான் அந்த ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லல. வீட்டுக்கு வந்தும் எங்கிட்டச் சொல்லல. மொதப் பக்கத்துலேருந்து கடசிப் பக்கம் வரைக்கும் சிரிச்சிருக்காவ அண்ணாச்சி. உங்க பேச்சு அங்கங்க விட்டுப்போயிருக்கு. அவுக சிரிப்பு விடவே இல்ல. எங்க கல்யாண வீடியோவுல அதை எடுத்தவன் சினிமாப் பாட்டைப் போட்டு ஒட்டிட்டான். போன்ல பேசினது எதையும் நான் பிடிச்சு வைக்கல. எனக்கு அவுக சிரிப்புன்னு இருக்கது அந்த ஒரு புஸ்தகம்தான்."

ஆவுடையப்பன் எத்தனையோ கதைகளுக்குச் சிரிப்பு வாங்கியவர். ஒரு சிரிப்பை இப்படி எவரும் அவரிடம் திருப்பித் தந்ததில்லை. வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்தார்.

"அந்தக் கதைய எங்கிட்டச் சொல்லுங்க," என்றார் டீச்சர்.

"எந்தக் கதைய?"

"அவுககிட்டச் சொன்னதை. மொகத்துக்கு நேராச் சொல்லுங்க. இன்னொரு தடவ உங்களைக் கழுவிக்கிட்டிருக்க எனக்கு நேரம் கிடையாது."

கதை சொல்லு என்று கேட்ட எவரையும் ஆவுடையப்பன் ஏமாற்றி அனுப்பியதில்லை. தொண்டையைச் செருமினார். டீச்சர் வீட்டுக்காரர் மஸ்கட்டுக்குப் போனது சம்பாதிக்கவா என்று ஆரம்பித்தார். ரசமட்டத்துக்கு வந்தார். குமிழி ஓடியது. ஏரோப்பிளேன் ஏறினார். அது வளைந்து திரும்பியது. அடுத்து அழுகை வர வேண்டும். வரவில்லை. அவர் வாழ்நாளில் முதல் தடவையாகக் கதை வேறு வழியில் திரும்பியது.

"சாஞ்சாரு டீச்சர். நல்லாச் சாஞ்சாரு. அப்பம் பக்கத்து சீட்டைப் பாத்து, 'உலகு, குமிழி ஓடிட்டு பாத்தியா'ன்னாராம். அங்க எவனோ ஒரு மீசைக்காரன்லா உக்காந்திருக்கான்? பைலட்டைக் கூப்பிட்டு, பிளேனைத் திருப்புங்க, கூப்பிடுத ஆளு பாளையங்கோட்டையில நிக்குன்னாராம். அவன் மாட்டேன்னுட்டான். அன்னையிலேருந்து அங்க உள்ள நாற்காலியில எல்லாம் நேராத்தான் உக்காந்தாராம். கூப்பிட ஆளில்லாத எடத்துல சாஞ்சு என்ன பிரயோசனம்?"

போட்டோக்காரர் பந்திக் கூடத்துக்குள் நுழைந்து கேமராவைத் தூக்கினார். சாப்பிட வந்தவர்கள், பரிமாற வந்தவர்கள், கையில் அப்பளம் வைத்திருந்தவர்கள், எல்லோரும் கப்பென்று வாயை மூடினார்கள். ஆவுடையப்பன் மூடவில்லை, அந்த மீசைக்காரன் அதற்கு என்ன சொன்னான் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். உலகம்மை டீச்சர், வாய்விட்டுச் சிரித்தபடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.